பீரோ சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 38 பிள்ளைகள். நூலகத்துக்குத் தனி அறை கிடையாது. ஒரு பீரோ, அதில் 250 புத்தகம் இருக்கும். வாரத்துக்கு ஒரு பாடவேளை. புத்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் ஒரே சத்தம். பிள்ளைகளின் கற்பனையும் வளர்கிற மாதிரி இந்த நேரத்தில் என்ன செய்யலாம்?"

வணக்கம் டீச்சர். மதுரை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் உங்களுடையது மாதிரி ஈராசிரியர் பள்ளிகள்தான். அதனால் புத்தகத்தில் படித்ததைச் சொல்லாமல், செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

சத்தம் வருகிறதே என்று கவலைப்படாதீர்கள். பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவனை இடித்து "இங்க பாருடா" என்றால் சத்தம் வரத்தான் செய்யும். தொடக்கப் பள்ளி நூலகத்தில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தபோது நடந்தது இது. அங்கே பீரோ இல்லை, மர அலமாரி. பூட்டைத் திறந்து கீழ்த்தட்டில் கை வைத்தேன், புத்தகங்கள் அப்படியே மண்ணாக உதிர்ந்தன. கறையான். நாலு வருஷமாக யாரும் திறக்கவில்லை. ஆனால் இருப்புப் பதிவேட்டில் எல்லாப் புத்தகமும் நம்பர் போட்டு, கையெழுத்துப் போட்டு, பத்திரமாக இருந்தன. பிள்ளைகளிடம் கொடுத்தால் கிழியும், தொலையும், தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று பயந்து பூட்டியது. பிள்ளைகள் கிழித்திருந்தால்கூட அவ்வளவு போயிருக்காது. பிறகு பிள்ளைகள் கையில் விட்ட முதல் வருஷத்தில் எங்களுக்குத் தொலைந்தது ஏழு புத்தகம். அதிலும் இரண்டு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது யார் வீட்டுப் பரணிலிருந்தோ திரும்பி வந்தன.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதி வைத்தார். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நம் பீரோவுக்கு இந்த மூன்றே போதும். எனவே என் பதிலின் முக்கால்வாசி இதுதான்: சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். கற்பனை, செயல்பாடு எல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும்.

முதல் இரண்டு வாரம் வாசிக்கச் சொல்லாதீர்கள். பீரோவைக் காலி செய்து 250 புத்தகத்தையும் பாயில் பரப்பிவிட்டு, "இதையெல்லாம் எப்படிப் பிரித்து அடுக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிடுங்கள். கதை, பாட்டு, அறிவியல், தலைவர்கள் வரலாறு என்று நமக்கு ஒரு பட்டியல் மனதில் இருக்கும். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். எங்கள் பிள்ளைகள் பிரித்தது இப்படி: மாடு நாய் வருகிற புத்தகம், சிரிப்புப் புத்தகம், பேய்ப் புத்தகம், படம் நிறைய இருப்பது, அழுகை வருவது. ஒருத்தருக்கும் பிடிக்காத தடித்தடிப் புத்தகங்கள் கொஞ்சம் மிஞ்சின. அவற்றுக்கு ஒரு நாலாம் வகுப்புப் பெண் "சாருக்கு மட்டும்" என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டாள். நான் அதைக் கிழிக்கவில்லை.

இந்த அடுக்கலில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்பார்கள். பேசுகிற நரி வருகிற புத்தகம் விலங்குப் பக்கம் போகுமா, சிரிப்புப் பக்கம் போகுமா என்று சண்டை வரும். சண்டையில் ஜெயிக்க வேண்டுமானால் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும். "பாருடா, நாலாம் பக்கத்துல சிரிப்பு இருக்கு" என்று ஒருவன் ஆதாரம் காட்டுவான். வாசி என்று சொல்லாமலே வாசிப்பு நடந்துவிடும். பிரித்து முடித்ததும் ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம், புத்தக முதுகில் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான்.

அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்களிடம் இருந்தால் அவற்றில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலை இருக்கும். அழகான பெயர்கள். ஆனால் அந்த நிலை புத்தகத்துக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. "நீ இன்னும் நுழைதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை அந்தத் தட்டுப் பக்கமே வராது.

அப்புறம் நிர்வாகம். வாரத்துக்கு இரண்டு பேர் நூலகர்கள், நாலாம் வகுப்பில் ஒருவர், ஐந்தில் ஒருவர். நன்றாகப் படிக்கிறவர்களாகப் பார்த்துப் போடாமல் வரிசையாக எல்லாருக்கும் முறை வர வேண்டும். புத்தகம் கொடுத்து வாங்குகிற நோட்டை அவர்களே எழுதட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் பெயர் எழுத வராதே? அதற்குத் தேர்தல் மாதிரி ஆளுக்கு ஒரு சின்னம் கொடுத்தோம். ஒருத்திக்கு மாங்காய், ஒருவனுக்கு டிராக்டர். நோட்டில் தன் சின்னத்தை வரைந்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துப் போகலாம். மூன்று மாதத்தில் சின்னத்துக்குப் பக்கத்தில் தானாகவே பெயரும் வந்துவிடும். இரட்டை இலை, உதயசூரியன் கேட்டு வருவார்கள், அதை மட்டும் மறுத்துவிடுங்கள். ஊரில் வீண் வம்பு.

பீரோவுக்குள் புத்தகத்தின் முதுகுதான் தெரியும். பிள்ளைகள் அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். வகுப்பறையில் ஜன்னலுக்கு ஜன்னல் கயிற்றுக்கொடி கட்டி, துணி கிளிப்பில் இருபது புத்தகம் தொங்கவிடுங்கள். ஒன்றாம் வகுப்புக் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டுங்கள். வாரம் ஒரு முறை மாற்றினால் போதும்.

வாரத்துக்கு ஒரு பாடவேளை நிச்சயம் போதாது. ஆனால் இப்போது காலை உணவுக்காகப் பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பர் 15-ல் நம் மதுரையில் தொடங்கிய திட்டம்தானே அது. சாப்பிட்டுக் கை கழுவியதிலிருந்து பிரேயர் மணி அடிக்கும்வரை ஒரு இருபது நிமிடம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் கொடியில் தொங்குகிறதை எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு ஆசிரியர்கூட வேண்டாம்.

இனி வாசிப்பு. நான் செய்ததிலேயே அதிகம் பலன் கொடுத்தது ஜோடி வாசிப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. பெரியது சின்னதுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எல்லாரும் இதைச் சின்னப் பிள்ளைக்கு நல்லது என்று நினைப்பார்கள். உண்மையில் இது பெரிய பிள்ளைக்கு. ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிற பிள்ளை ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவனிடம் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிற படப் புத்தகத்தைக் கொடுத்தால் அவமானமாக நினைப்பான். அதே புத்தகத்தை, "இந்தப் பாப்பாவுக்கு வாசிச்சுக் காட்டணும், நல்லா வாசிச்சுப் பழகிட்டு வா" என்று கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு தடவை வாசித்துவிட்டு வருவான். குரலை மாற்றிப் பேசுவான். கேட்கிற குட்டி "இன்னொரு தடவ" என்று சொல்லும். அவனுடைய ஐந்து வருஷத்தில் அவன் வாசித்ததை "இன்னொரு தடவை" என்று கேட்ட முதல் ஆள் அந்தக் குட்டியாகத்தான் இருக்கும்.

நீங்கள் வாசித்துக் காட்டும்போது ஒரு சின்ன விஷயம். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் நிறுத்துங்கள். "அடுத்து என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டு, வருகிற பதிலையெல்லாம் சரி தப்பு சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு புரட்டுங்கள். மழை வருகிற பக்கமாக இருந்தால் எல்லாரும் ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டட்டும், பிறகு இரண்டு விரல், மூன்று, கடைசியில் முழுக் கை. ஓட்டுக் கூரையில் மழை இறங்குகிற மாதிரியே இருக்கும். அப்படியே திருப்பிக் குறைத்துக்கொண்டு வந்தால் மழை விட்டுவிடும். பிள்ளைகளை அமைதிப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எழுதத் தெரியாத ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் எழுத்தாளர் ஆக்கலாம். பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுத வேண்டும். ஒரு பெண் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "எங்க ஆடு குட்டி போட்ருச்சு. ரெண்டு குட்டி. கருப்புக் குட்டி என்னய முட்டிருச்சு. நா அழுகல." நாலு வரி. அதை "எங்கள் ஆடு குட்டி ஈன்றது" என்று நான் திருத்தியிருந்தால் அது என் கதை ஆகியிருக்கும். அவள் சொன்ன சொல்லிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன், பக்கத்தில் அவள் ஆட்டை வரைந்தாள். எழுத்துத் தெரியாத பிள்ளை அடுத்த நாள் அந்த நாலு வரியை விரல் வைத்து வாசித்தாள். தான் சொன்னதுதானே, என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், எது எந்த எழுத்து என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். நம் ஊர்ப் பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். நாலாம் வகுப்பில் அதையே எழுத்து வழக்குக்கு மாற்றி எழுதச் சொன்னால் அது ஒரு நல்ல இலக்கணப் பயிற்சி.

இப்போது முக்கியமான வேலை, புத்தகம் செய்வது. ஒரே ஒரு ஏ4 தாள், ஒரே ஒரு வெட்டு, எட்டுப் பக்கப் புத்தகம். பசை, பின் எதுவும் வேண்டாம். தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பிரித்துவிடுங்கள். பிறகு குறுக்கே பாதியாக மடித்து, இன்னொரு முறையும் குறுக்கே பாதியாக மடித்துப் பிரியுங்கள். இப்போது தாளில் எட்டுக் கட்டம் தெரியும். மறுபடி ஒரே ஒரு முறை குறுக்கே மடித்து, மடித்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்புவரை மட்டும் கத்தரியுங்கள். அதாவது நடுவில் இருக்கும் இரண்டு கட்டத்தின் நீளத்துக்குத்தான் வெட்டு. தாளை விரித்து நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் வெட்டு வாயைத் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். முன் அட்டை, பின் அட்டை போக உள்ளே ஆறு பக்கம். முதல் தடவை நீங்களே வீட்டில் இரண்டு தாளைப் பாழாக்கிப் பழகிக்கொண்டு போங்கள்.

இதில் ஒரு சௌகரியம், தாளின் ஒரு பக்கம்தான் வெளியே தெரியும். மறுபக்கம் முழுக்க உள்ளே மறைந்துவிடும். ஆகவே ஒரு பக்கம் அச்சடித்த பழைய சுற்றறிக்கையே போதும். எங்கள் பள்ளியில் பல கதைகளுக்கு வயிற்றில் இப்படிச் சுற்றறிக்கைதான் இருந்தது.

பிள்ளை எழுதி, வரைந்து, முன் அட்டையில் பெயர், பின் அட்டையில் விலை போடும். விலை போடுவதை அவர்கள் விடவே மாட்டார்கள். 500 ரூபாய், 1000 ரூபாய் என்றுதான் இருக்கும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை மட்டும் மறக்காதீர்கள். அந்தப் புத்தகத்துக்கு நம்பர் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, கொடியில் மற்றப் புத்தகங்களோடு தொங்கவிட்டு, நோட்டில் பதிந்து மற்றப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகவும் கொடுக்க வேண்டும். அரசு கொடுத்த பதிவேட்டில் இதை ஏற்ற வேண்டாம், தனி நோட்டு போதும். தன் புத்தகத்தை இன்னொரு வீதிப் பிள்ளை எடுத்துப் போயிருக்கிறான் என்று நோட்டில் பார்த்த பையன் மறுநாள் அடுத்த பாகத்தோடு வருவான்.

சின்னச் சின்னதாக எழுதுகிறதற்கு ஒரு சுவர் வேண்டும். எங்கள் பள்ளியில் உடைந்த கரும்பலகை ஒன்றைக் கழுவி அதற்குச் சங்கப் பலகை என்று பெயர் வைத்தோம். மதுரைக்காரர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். தகுதி உள்ள புலவருக்கு மட்டும் நீண்டு இடம் கொடுத்த பலகை. எங்கள் பலகை பழுது பார்த்தது என்பதால் அவ்வளவு கறார் கிடையாது, கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தது. ஒரு வரி விடுகதை, ஒரு கார்ட்டூன், "நேத்து எங்க தெருவுல பாம்பு" என்ற செய்தி, எது வேண்டுமானாலும். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் எடுத்து ஒரு நோட்டில் ஒட்டுவது நூலகர்கள் வேலை.

விடுகதை என்றதும் நினைவு வருகிறது, அதற்கு வீட்டில் இருக்கும் அப்பத்தா, அம்மாச்சிகள்தான் பெரிய நூலகம். "அடி காட்டிலே, நடு மாட்டிலே, முடி வீட்டிலே" என்று நெல்லைப் பற்றிக் கேட்பார்கள். உசிலம்பட்டிப் பக்கம் உங்கள் பிள்ளைகளுக்கு விடை உடனே தெரியும், டவுன் பிள்ளைகளுக்கு வைக்கோலைப் பற்றி முதலில் விளக்க வேண்டியிருக்கும். வாரம் ஆளுக்கு ஒரு விடுகதை வீட்டிலிருந்து கேட்டு வரச் சொல்லுங்கள். முன் பக்கம் விடுகதை, பின் பக்கம் விடையின் படம், இப்படி அட்டைகள் சேரும். பழமொழி, தாலாட்டு என்று அது வளரும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். கேட்டு வந்த பிள்ளை அந்தப் பாட்டியையே கூட்டிக்கொண்டு வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுங்கள்.

நடிப்பு என்று வந்தால் பெரும்பாலும் பேசத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் மட்டும் நடிப்பார்கள், மற்றவர்கள் மரமாக நிற்பார்கள். நிழல்பாவையில் அந்தப் பிரச்சினை இல்லை. மதுரைப் பக்கம் தோல்பாவைக்கூத்து ஆடியவர்கள் இருந்த ஊர்கள் உண்டு, வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். நமக்குத் தோல் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் உருவம் வெட்டி, விளக்குமாற்றுக் குச்சி ஒட்டி, வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் செல்போன் டார்ச். கூச்சப்படுகிற பிள்ளை வேட்டிக்குப் பின்னால் நின்று கத்திப் பேசும், முகம்தான் தெரியாதே. உருவத்தை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் நிழல் ராட்சசன் மாதிரி பெரிதாகும், துணிப் பக்கம் வந்தால் சின்னதாகிக் கூர்மையாகத் தெரியும். அவர்களே கண்டுபிடித்துக் கத்தட்டும், அறிவியல் பாடத்தில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கதையின் முடிவை மாற்றி எழுதுவது என்ற செயல்பாட்டை எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பு இல்லை. பிள்ளைகள் எல்லாரும் "கடைசியில் நண்பர்கள் ஆனார்கள்" என்றே எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பதில் ஆளை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டி வடை சுட்ட கதையில் பாட்டியை யாரும் கண்டுகொள்வதே இல்லை. பாட்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார்க் கடிதம் எழுதினால்? அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் எல்லாம் வந்துவிடும். எங்கள் வகுப்பில் புகார் காக்கா மேலா, நரி மேலா என்று அரை மணி நேரம் வழக்கு நடந்தது. "காக்காதான் பாட்டிகிட்ட எடுத்துச்சு, நரி காக்காகிட்டதான எடுத்துச்சு" என்று ஒருவன் வாதாடினான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கீழடி உங்களுக்குக் கொஞ்சம் தூரம்தான். சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் அளவுதான், 2023-லிருந்து அருங்காட்சியகமும் இருக்கிறது. போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் மாதிரிப் பெயர்களைத் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். தமிழி எழுத்து அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டி, உடைந்த பூந்தொட்டி ஓட்டில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறச் சொல்லுங்கள். மணலில் புதைத்து, அடுத்த குழு தோண்டி எடுத்து, யார் பெயர் என்று வாசித்து, அந்த ஆள் என்ன வேலை செய்திருப்பார், என்ன சாப்பிட்டிருப்பார் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். ஓட்டின் ஓரம் கையைக் கிழிக்கும், முதலில் சிமெண்டுத் தரையில் தேய்த்துவிடுங்கள்.

சில விஷயங்களைச் செய்யவே வேண்டாம். கதை முடிந்ததும் "இதிலிருந்து நாம் அறியும் நீதி என்ன?" என்று கேட்கவே கேட்காதீர்கள். இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாவது கதைக்குப் பிள்ளை கதையைக் கேட்காது, நீதியைத் தேடிக்கொண்டிருக்கும். அதிகப் புத்தகம் வாசித்தவருக்குப் பரிசு என்றும் வைக்காதீர்கள். நான் ஒரு வருஷம் வைத்தேன். மெல்லிய புத்தகமாகப் பார்த்துப் புரட்டித் தள்ளிவிட்டார்கள். கிழிந்த புத்தகத்துக்குத் திட்டவும் வேண்டாம். செல்லோ டேப், கத்தரிக்கோல், பழைய காலண்டர் அட்டை வைத்து மூலையில் ஒரு புத்தக ஆஸ்பத்திரி திறந்துவிடுங்கள், டாக்டர் வேலைக்குப் போட்டி இருக்கும்.

வெளியே போகிற வாய்ப்புக் கிடைத்தால், முதலில் உங்கள் ஊர்ப்புற நூலகம். வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், ஆகவே கூச்சப்படாமல் போகலாம். நூலகரிடம் முன்பே சொல்லி வைத்தால் பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்ப்பது பற்றியும் பேசலாம். வருஷத்தில் ஒரு தடவை மதுரைக்கு வண்டி பிடிக்க முடிந்தால், 2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்குக் கூட்டிப்போங்கள். சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள், ஆளுக்கு ஒரு புத்தகமாவது உட்கார்ந்து பார்க்க ஒரு மணி நேரம் விடுங்கள்.

ஒரே வாரத்தில் இதையெல்லாம் தொடங்காதீர்கள். ஜூனில் அடுக்குவது, ஜூலையில் ஜோடி வாசிப்பு, காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் முதல் புத்தகம், மற்றதெல்லாம் தோன்றும்போது. உங்கள் தலைமை ஆசிரியர் சாவி விஷயத்தில் தயங்கினால் கொடியில் தொங்குகிற இருபது புத்தகத்துக்கு மட்டும் முதலில் அனுமதி வாங்குங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், சாவிக்கு இரண்டு நகல் எடுத்து ஒன்றை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் முதல் மாதமே சாவி கிணற்றில் விழுந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் புத்தகம் எழுதினான். விலை 2000 ரூபாய்.